வழித்துணை நாய்கள்

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வாஷிங்டன் நகரில், ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில், பழைய விண்டன் கார் ஒன்று இருக்கிறது. அந்தக் காரோடு ஒரு கண்ணாடியையும் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்துக் கார் ஓட்டிகள் தூசிக்குப் பயந்து கண்ணுக்கு மேல் கட்டிக்கொள்வார்களே, அந்த வகைக் கண்ணாடி. அதை அணிந்து பயணம் செய்தது பட் என்ற நாய்.

1903ஆம் ஆண்டு அது. அமெரிக்காவை மேற்கிலிருந்து கிழக்காகக் காரிலேயே கடந்துவிட முடியுமா என்று சான் பிரான்சிஸ்கோவில் ஒரு விவாதம் எழுந்தது. முடியும் என்று 50 டாலர் பந்தயம் கட்டினார் ஹொரேஷியோ நெல்சன் ஜாக்சன் என்ற மருத்துவர். சூவல் க்ராக்கர் என்ற மெக்கானிக்கைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மே 23ஆம் தேதி புறப்பட்டார். தார்ச்சாலை கிடையாது. பெட்ரோல் நிலையம் கிடையாது. காருக்குக் கூரையும் இல்லை, முன்புறக் கண்ணாடியும் இல்லை. ஐடஹோ மாநிலத்தை அடைந்தபோது ஜாக்சன் 15 டாலர் கொடுத்து ஒரு நாயை வாங்கினார். அதுதான் பட். உவர்நிலத்துத் தூசி நாயின் கண்ணை எரித்தது. உடனே அவர் அதற்கும் ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டார். பட் முன்னால் உட்கார்ந்து, சாலையில் வரும் மேடுபள்ளத்தைப் பார்த்து, குலுங்குவதற்கு முன்பே காலை ஊன்றிக்கொள்ளப் பழகிவிட்டது. 63 நாள் கழித்து, ஜூலை 26ஆம் தேதி, மூவரும் நியூயார்க்கில் இறங்கினார்கள். அமெரிக்காவைக் காரில் கடந்த முதல் பயணம் அதுதான். அந்த முதல் பயணத்திலேயே நாய் இருந்திருக்கிறது.

அந்தக் கண்ணாடியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூசி தன் கண்ணை மறைத்தபோது மனிதன் தனக்கு வழி செய்துகொண்டதில் வியப்பில்லை. பக்கத்தில் இருக்கும் உயிருக்கும் கண் இருக்கிறது, அதுவும் எரியும் என்று ஒருவர் பார்த்தார் பாருங்கள், அந்தப் பார்வை இருந்தால்தான் பிராணியைப் பயணத்துக்கு அழைத்துப் போகலாம். இல்லையென்றால் அழைத்துப் போகக் கூடாது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் அதற்கான விளக்கம்.

இன்று அமெரிக்காவில் ஆர்.வி. என்று சுருக்கமாகச் சொல்கிறார்களே, அந்த வண்டியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அங்கே வேலை பார்க்கும் மகனோ மகளோ கோடை விடுமுறையில் ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்து, ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவையும் ஏற்றிக்கொண்டு கிராண்ட் கேன்யன் பார்க்கக் கிளம்புவது இப்போது வழக்கமாகிவிட்டது. உள்ளேயே படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, கழிப்பறை எல்லாம் இருக்கும். நம் ஊர்ப் படப்பிடிப்புத் தளத்தில் நிற்கும் கேரவனின் பெரிய உடன்பிறப்பு. பேருந்து அளவு வண்டியும் உண்டு. காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் ட்ரெய்லரும் உண்டு. ஓய்வுபெற்றபின் வீட்டை விற்றுவிட்டு ஆண்டு முழுவதும் அதிலேயே குடியிருப்பவர்களும் இருக்கிறார்கள். குளிர்காலம் வந்ததும் அரிசோனா பாலைவனத்தில் க்வார்ட்ஸைட் என்ற சிற்றூரைச் சுற்றி இப்படிப்பட்ட வண்டிகள் வந்து குவியும். அவற்றில் எத்தனையோ வண்டிகளின் வாசலில் ஒரு தண்ணீர்க் கிண்ணமும் ஒரு நாய்ச்சங்கிலியும் கிடக்கும். விமானத்தில் நாயைக் கொண்டுபோவது பெரும்பாடு. விடுதியில் இடம் கிடைப்பது கடினம். வண்டியே வீடு என்றால் நாய்க்கும் அங்கே இடம் இருக்கிறது. அதனால்தான் பலர் ஆர்.வி. வாங்குவதே.

இந்தப் பயணத்துக்கு இலக்கியத்தில் ஒரு முன்னோடி உண்டு. ஜான் ஸ்டைன்பெக். 'டிராவல்ஸ் வித் சார்லி' என்ற அவருடைய நூல் 1962இல் வந்தது. அதே ஆண்டில்தான் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. 1960 செப்டம்பரில், 58 வயதில், உடல்நலம் குன்றியிருந்த காலத்தில், நியூயார்க் மாநிலத்தின் சாக் ஹார்பரிலிருந்து அவர் புறப்பட்டார். ஜி.எம்.சி. பிக்கப் லாரி ஒன்றின் மேல் சிறிய அறை ஒன்றைப் பொருத்தி, 'டான் கிஹோட்டே' நாவலில் வரும் குதிரையான ரோசினாண்டேயின் பெயரையே அதற்கு வைத்தார். கூட வந்தது சார்லி. பிரான்ஸில் பிறந்த, வயதான, பெரிய பூடில் நாய். அந்த வண்டி இன்றும் கலிஃபோர்னியாவில் அவர் பிறந்த சாலினாஸ் ஊரில், அவர் பெயரிலான மையத்தில் நிற்கிறது.

அந்த நூலை அமெரிக்காவைப் பற்றிய நூல் என்றே எல்லாரும் படிக்கிறார்கள். நான் அதைச் சார்லிக்காகப் படித்தேன். சார்லியின் முன்பற்கள் கோணல்; அதனால் அதன் வாயிலிருந்து 'ஃப்ட்' என்ற ஒலி வரும். சிறுநீர் கழிக்க இறங்க வேண்டும் என்பதற்கான அறிவிப்பு அது. இதைக் கவனித்து எழுதியவர், நாயை மூட்டையோடு மூட்டையாக ஏற்றிக்கொண்டு போனவர் அல்ல. மெய்ன் மாநிலத்தில் உருளைக்கிழங்கு அறுவடைக்கு வந்திருந்த பிரெஞ்சு கனடியக் குடும்பங்களோடு பழக வேண்டும் என்று நினைக்கிறார். அறிமுகம் இல்லாதவர் எப்படிப் போய்ப் பேசுவது? சார்லியை அவிழ்த்து விடுகிறார். அது அவர்களிடம் போகிறது. நாய் தொந்தரவு செய்துவிட்டதோ என்று கேட்டுக்கொண்டு இவர் பின்னால் போகிறார். பேச்சு தொடங்கிவிடுகிறது. இன்றைக்கும் எந்த முகாம் மைதானத்துக்குப் போனாலும் இதைக் காணலாம். பக்கத்து வண்டிக்காரரின் பெயர் தெரியாமலேயே அவருடைய நாயின் பெயர் நமக்குத் தெரிந்திருக்கும்.

அந்த நூலில் எல்லாம் நடந்தபடியே எழுதப்பட்டதா என்ற கேள்வி உண்டு. பில் ஸ்டைகர்வால்ட் என்ற பத்திரிகையாளர் 2010இல் அதே வழியில் பயணம் செய்து பார்த்தார். ஸ்டைன்பெக் பல இரவுகளை விடுதிகளில் கழித்திருக்கிறார், வழியில் சந்தித்ததாகச் சொல்லும் சிலர் கற்பனை மனிதர்களாக இருக்கலாம் என்றெல்லாம் எழுதினார். இருக்கட்டும். மனிதர்கள் பேசியதைப் புனைந்திருக்கலாம். ஆனால் சார்லி நோயுற்ற பக்கங்களைப் படித்துப் பாருங்கள். சிறுநீர் இறங்காமல் அது துடிக்கிறது. நடுவழியில், தெரியாத ஊரில், இவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். ஸ்போக்கேன் பக்கத்தில் ஒரு கால்நடை மருத்துவரைத் தேடிப் பிடிக்கிறார். அந்த மருத்துவருக்கு நாயின் மேல் அக்கறையே இல்லை. பின்னர் டெக்சாஸின் அமரில்லோவில் நோய் திரும்புகிறது. அங்கே ஓர் இளம் மருத்துவர், தொட்ட கையிலேயே அறிவு இருப்பவர், சார்லியைச் சில நாள் தம்மிடம் வைத்துப் பார்த்துத் தேற்றி அனுப்புகிறார். அந்த இரண்டு மருத்துவர்களுக்கும் இடையே உள்ள தூரத்தை நாய் வளர்த்தவர்கள் மட்டுமே அளக்க முடியும். அது புனைவு என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

ஸ்டைன்பெக்கின் பயணத்தில் நாயால் வழி மாறிய இடங்கள் சில உண்டு. நயாகராவில் கனடாவுக்குள் நுழைந்து, ஒன்டாரியோ வழியாகக் குறுக்கே போய் டெட்ராய்ட்டில் வெளிவரலாம் என்று நினைத்தார். சார்லிக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டதற்கான சான்று கையில் இல்லை. உள்ளே விட்டாலும், திரும்பும்போது உங்கள் நாட்டுக்காரர்களே விடமாட்டார்கள் என்றார்கள் கனடா எல்லை அதிகாரிகள். வண்டியைத் திருப்பிக்கொண்டு அமெரிக்கக் கரை வழியாகவே போனார். இன்று விதி இன்னும் கறாரானது. 2024 ஆகஸ்ட் 1 முதல், அமெரிக்காவுக்குள் வரும் எந்த நாயும் ஆறு மாத வயதைத் தாண்டியிருக்க வேண்டும். தோலுக்கடியில் மைக்ரோசிப் இருக்க வேண்டும். அதற்கென உள்ள படிவத்தை நிரப்பிப் பெற்ற ரசீது கையில் இருக்க வேண்டும். சொந்த நாட்டு நாய் கனடாவில் ஒரு நாள் சுற்றிவிட்டுத் திரும்பினாலும் இதுதான்.

இரண்டாவது இடம் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா. கரடிகள் இருக்கின்றன, நாயை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வாசலில் வனக்காவலர் எச்சரித்தார். என் சார்லி சாது என்றார் இவர். சாலையோரத்தில் முதல் கரடியைப் பார்த்ததும் அந்தச் சாது வெறிபிடித்ததுபோல் பாய்ந்தது. வண்டிக்குள்ளேயே புரண்டு கத்தியது. ஸ்டைன்பெக் யெல்லோஸ்டோனைப் பார்க்காமலே திரும்பிவிட்டார். எவ்வளவோ தூரம் கடந்து வந்தவர், நாய்க்கு ஆகவில்லை என்றதும் அந்தப் பூங்காவையே விட்டுவிட்டார். அந்த நூலில் நான் மிகவும் மதிக்கும் இடம் அது.

இனி, இந்தப் பயணத்தில் உயிரைப் பறிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். வெயில்.

நமக்கு உடல் முழுவதும் வியர்க்கும். நாய்க்குப் பாதத்தின் அடியில்தான் வியர்வைச் சுரப்பி. அது பெரிதாக உதவாது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் அது உடலைக் குளிர்விக்க வேண்டும். சுற்றியுள்ள காற்றே சூடாகவும் ஈரமாகவும் இருந்தால் மூச்சிரைத்துப் பயனில்லை. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு அந்த வழியும் குறுகல். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலே. அது 41ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும்.

2005இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெயிலில் நிறுத்திய காருக்குள் வெப்பம் எப்படி ஏறுகிறது என்று அளந்து வெளியிட்டார்கள். வெளியே 22 டிகிரி மட்டுமே இருந்த இதமான நாளில், ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே 47 டிகிரியை எட்டியது. அந்த ஏற்றத்தில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே நிகழ்ந்துவிடுகிறது. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பெரிய மாற்றமில்லை. நாய்க்கு ஆபத்து நேர, ஒரு கடைக்குள் போய்ப் பால் வாங்கிக்கொண்டு வரும் நேரம் போதும் என்று பொருள்.

எங்கள் வண்டி கார் அல்ல, வீடு. ஏசி இருக்கிறது என்று ஆர்.வி.க்காரர்கள் சொல்வார்கள். இங்கேதான் ஆபத்து. வண்டியின் கூரையில் இருக்கும் ஏசி, முகாமில் உள்ள மின்கம்பத்திலிருந்து கேபிள் இழுத்தால்தான் ஓடும், அல்லது ஜெனரேட்டர் ஓட வேண்டும். ஜூலை மாதத்து மதியத்தில் முகாமில் உள்ள எல்லா வண்டியிலும் ஏசி ஓடும். மின்னழுத்தம் இறங்கும். பிரேக்கர் விழும். ஏசி நின்றுவிடும். நீங்கள் மலைமேல் காட்சி பார்த்துக்கொண்டிருப்பீர்கள். வண்டிக்குள் நாய் தனியாக இருக்கும். கதவைத் திறக்க அதற்குக் கையில்லை. உள்ளே வெப்பம் ஏறினால் கைபேசிக்குச் செய்தி அனுப்பும் கருவிகள் விற்கிறார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், நல்லதுதான். ஆனால் அமெரிக்காவின் அழகான இடங்கள் பலவற்றில் கைபேசிக்குச் சிக்னலே கிடையாது. செய்தி வந்தாலும், ஒரு மணி நேர நடைத் தொலைவில் இருப்பவர் அதை வைத்து என்ன செய்வார்? கோடை மதியத்தில் பிராணியை வண்டியில் தனியே விடக் கூடாது என்பதே என் கருத்து. இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை.

ஏன் விடுகிறார்கள் என்றால் அதற்கும் காரணம் உண்டு. தேசியப் பூங்காக்களில் நாய்க்கு அனுமதி மிகக் குறைவு. 6 அடிக்கு மேற்படாத வாரில்தான் பிடித்திருக்க வேண்டும் என்பது எல்லாப் பூங்காவுக்கும் பொது விதி. யெல்லோஸ்டோனில் சாலை, வாகன நிறுத்தம், முகாம் ஆகியவற்றிலிருந்து 100 அடிக்குள்தான் நாய் இருக்கலாம். நடைபாதையில் விடமாட்டார்கள், வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றியுள்ள பலகைப் பாதையிலும் விடமாட்டார்கள். இது கெடுபிடி என்று நினைப்பவர்கள் 1981இல் அங்கே நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். காரிலிருந்து தப்பிய நாய் ஒன்று செலஸ்டீன் என்ற வெந்நீர்க் குளத்தில் குதித்துவிட்டது. நீரின் வெப்பம் ஏறக்குறைய 94 டிகிரி. நாயைக் காப்பாற்ற நினைத்து, அதன் உரிமையாளரின் நண்பரான 24 வயது இளைஞர் ஒருவர் பின்னாலேயே குதித்தார். நாயும் பிழைக்கவில்லை, அவரும் பிழைக்கவில்லை. நாய்க்கு அது வெறும் தண்ணீர். வாரின் நீளத்தை யாரோ அலுவலகத்தில் உட்கார்ந்து விளையாட்டாக முடிவு செய்யவில்லை.

எல்லாப் பூங்காவும் ஒன்றுபோல் இல்லை. மெய்ன் மாநிலத்தின் அகேடியாவில் 160 கிலோமீட்டர் அளவுக்கு நடைபாதைகளில் நாயோடு போகலாம். கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பில் விளிம்போரப் பாதையில் நடக்கலாம், பள்ளத்துக்குள் இறங்கக் கூடாது. இறங்க விரும்புகிறவர்கள் தடுப்பூசிச் சான்றைக் காட்டி அங்கே உள்ள நாய்க் காப்பகத்தில் விட்டுச் செல்லலாம். யூட்டாவின் ஸயனில் ஒரே ஒரு பாதையில் மட்டும் அனுமதி. கிளம்புவதற்கு முன்பே இதையெல்லாம் பார்த்து வழியை வகுக்க வேண்டும். வாசலில் போய் நின்று யோசித்தால், ஆயிரம் மைல் வந்தோமே என்ற எண்ணம் நாயை வண்டியில் பூட்டச் சொல்லும்.

மகாபாரதத்தில், தருமரோடு ஒரு நாய் கூட வந்த அந்தக் கடைசிப் பயணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நாயை விட்டுவிட்டு ரதத்தில் ஏறு என்று இந்திரன் சொன்னான். கூட வந்ததை விட்டு வரமாட்டேன், எனக்குச் சொர்க்கமே வேண்டாம் என்றார் தருமர். பூங்கா வாசலில் நிற்கும் குடும்பத்திடம் அவ்வளவு பெரிய தியாகத்தை யாரும் கேட்கவில்லை. பாதிப் பேர் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும், பாதிப் பேர் நிழலில் நாயோடு இருக்கட்டும், பிறகு மாற்றிக்கொள்ளட்டும். ஒருவர்தான் வந்திருக்கிறார் என்றால் ஸ்டைன்பெக் செய்ததைச் செய்யலாம்.

வெயிலுக்கு அடுத்தபடி, மண்ணும் தண்ணீரும். ஒரே வாரத்தில் நான்கு மாநிலங்களைக் கடக்கும்போது, நாய் மோப்பம் பிடிக்கும் மண் நான்கு முறை மாறுகிறது. அரிசோனா மண்ணில் வாழும் ஒரு பூஞ்சை, தோண்டி முகரும் நாயின் நுரையீரலுக்குள் போய்ப் பள்ளத்தாக்குக் காய்ச்சலை உண்டாக்கும். ஊர் திரும்பிச் சில வாரம் கழித்து நாய் இருமத் தொடங்கும். அங்கே உள்ள மருத்துவருக்கு அரிசோனா நினைவுக்கு வராது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆரிகன், வாஷிங்டன் மாநில ஆற்றங்கரைகளில் செத்துக் கிடக்கும் சால்மன் மீனைத் தின்றால், அந்த மீனில் உள்ள ஒட்டுண்ணி சுமந்து வரும் கிருமி, சிகிச்சை இல்லாவிட்டால் நாயைக் கொன்றுவிடும். அதே மீனைக் கரடி தின்கிறதே, நாய்க்கென்ன என்று கேட்பார்கள். கரடியை ஒன்றும் செய்யாதது நாயைப் பாதித்துவிடுகிறது. கலிஃபோர்னியாப் புல்வெளிகளில் காய்ந்த புல்லின் கூர்முனை காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் ஏறி உள்ளே நகர்ந்துகொண்டே போகும். கோடையில் தேங்கிய ஏரியில் நீலப்பச்சைப்பாசி படர்ந்திருந்தால் நாயை இறக்கவே கூடாது. அதில் சில வகைகள் கொடிய நஞ்சு. தண்ணீரை வண்டியிலிருந்தே கொடுங்கள்.

பூனையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆர்.வி.யை நிறுத்தியதும் பக்கவாட்டில் அறையை வெளியே தள்ளி விரிக்கும் அமைப்பு பல வண்டிகளில் உண்டு. கிளம்பும்போது பொத்தானை அழுத்தினால் அறை உள்ளே வந்துவிடும். பயந்த பூனை ஒளிந்துகொள்ளத் தேடும் இடம் அந்த இடுக்குதான். பூனையைக் கண்ணால் பார்த்து, கூடையில் வைத்துப் பூட்டிய பிறகே அந்தப் பொத்தானில் கை வைக்க வேண்டும். கிளி வளர்ப்பவர்கள் வண்டிக்குள் ஒட்டாத பூச்சுள்ள வாணலியைச் சேர்க்கவே வேண்டாம். அது அதிகம் காய்ந்தால் வெளிவரும் புகை, அந்தச் சிறிய அறையில் பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும்.

ஓடும் வண்டியில் எந்தப் பிராணியையும் கட்டாமல் விடாதீர்கள். மைக்ரோசிப்பில் பதிவான தொலைபேசி எண் இப்போது உபயோகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக் கதவு திறந்தால் தெருவுக்குள் ஓடும் நாய், வண்டிக் கதவு திறந்தால் தனக்குத் தெரியாத ஒரு மாநிலத்துக்குள் ஓடுகிறது. திரும்பி வர அதற்கு மோப்பம் பிடித்த வழி கிடையாது. இரவு தங்கப் போகும் ஊரில் கால்நடை மருத்துவமனை எங்கே இருக்கிறது என்று பகலிலேயே குறித்து வையுங்கள். ஸ்டைன்பெக் பட்ட பாடு நமக்கு வேண்டாம்.

கடைசியாக ஒன்று. எல்லாப் பிராணிக்கும் பயணம் பிடிக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சில நாய்கள் வண்டிச் சாவியின் ஒலி கேட்டதுமே வாசலுக்கு ஓடும். சில, வண்டி ஓடும் நேரமெல்லாம் எச்சில் வடித்து நடுங்கும். பல பூனைகளுக்குத் தம் வீட்டு மூலையைவிட்டு வெளியே போவதே தண்டனை. மூட்டு வலிக்கும் கிழ நாயால் அந்த உயரமான படியில் நாளைக்குப் பத்து முறை ஏறி இறங்க முடியாது. சார்லியைக்கூட ஸ்டைன்பெக் சிகாகோவில் சில நாள் காப்பகத்தில் விட்டார். திரும்பி வந்தபோது அது கோபித்துக்கொண்டது, கோபம் ஆறியும்விட்டது. பிரிவு தரும் வருத்தத்தை அவை தாங்கும். வெப்பத்தைத் தாங்காது.

இங்கே அமர்ந்திருக்கும் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். கடல் கடந்து இருக்கும் உங்கள் பிள்ளைகள், ஆர்.வி. எடுத்துக்கொண்டு கிளம்பப் போகிறோம், நாயையும் கூட்டிப் போகிறோம் என்று தொலைபேசியில் சொன்னால், மகிழ்ச்சி என்று சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: மதியம் பன்னிரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை ஒவ்வொரு நாளும் நாய் எங்கே, யாரோடு இருக்கும்? அதற்குத் தெளிவான பதில் வரவில்லை என்றால், இந்த முறை அதைத் தெரிந்தவர் வீட்டில் விட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள்.